டாலர் ஏறும்போது வாத்தியம் வாங்குவதும் விற்பதும்: ஒரு தருமபுரிக் கடைக்காரரின் கணக்கு

போன தை மாதம் காரிமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் சாக்ஸபோன் வாசிக்கிறவன். ஒரு பெட்டி ரீடு கேட்டான், ஊதும் முனையில் கட்டுகிற மெல்லிய நாணல் தகடு அது. விலையைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டு மூணு வருஷம் முன்னாடி இவ்ளோ இல்லையே அண்ணா?" என்றான். யூரோ ஏறிவிட்டது என்றேன். "யூரோ ஏறுனா எனக்கு என்னண்ணா? ரூபாய்லதான் சம்பளம் வாங்கறேன், ரூபாய்லதான் உங்களுக்குக் குடுக்கறேன்."

நியாயமான கேள்வி. அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தருமபுரியில் கீபோர்டு, கிடார், சாக்ஸபோன் எல்லாம் பழுது பார்த்து, பழையதை வாங்கி விற்கிற சின்னக் கடை என்னுடையது. அதற்கு முன்னால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். 1994ல் என் முதல் கீபோர்டை வாங்கியபோது ஒரு டாலர் 31 ரூபாய் சொச்சம். 2025 டிசம்பரில் அது 90ஐத் தாண்டியது. என் தொழில் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஓடியிருக்கிறது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். கிருஷ்ணகிரியில் பெங்களூரா மாங்காயைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓசூரில் ரோஜா வளர்ப்பவர்கள் பிப்ரவரி 14க்காகப் பூவைப் பெட்டி பெட்டியாக விமானத்தில் ஏற்றுகிறார்கள். கிரானைட்டும் அப்படித்தான். டாலர் ஏறினால் அவர்களுக்கு அதே சரக்குக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும். வாத்தியம் வாங்குகிறவன் அதே தராசின் எதிர்த்தட்டில் நிற்கிறான். அதே வாத்தியத்துக்குக் கூடுதல் ரூபாய் கொடுக்கிறான். அவ்வளவுதான் அடிப்படை. மீதி எல்லாம் எந்த நாணயம், எந்த நாள் என்ற இரண்டு கேள்விகள்தான்.

முதலில் நாணயம்

வாத்தியத்தின் பெயரைப் பார்த்து நாணயத்தை முடிவு செய்யாதீர்கள். யமஹா ஜப்பான் கம்பெனி, சரி. ஆனால் கற்றுக்கொள்கிறவர்களுக்கான யமஹா வாத்தியங்கள் பெரும்பாலும் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்யப்படுபவை. சென்னை அருகேயும் அவர்களுக்கு ஒரு தொழிற்சாலை இருக்கிறது, கீபோர்டும் கிடாரும் அங்கே தயாராகின்றன. சீனாவிலிருந்து வரும் சரக்குக்கு வியாபாரிகள் பெரும்பாலும் டாலரில்தான் பில் போடுகிறார்கள். ஆகவே கீபோர்டு, டிரம் செட், மலிவான வயலின், மிக்சர், மைக் எல்லாவற்றுக்கும் டாலரைப் பாருங்கள். இந்தியாவில் செய்தது என்றாலும் உள்ளே இருக்கும் சிப் வெளியிலிருந்து வருவது. டாலர் ஏறினால் அதற்கும் கொஞ்சம் சுடும், முழுதாக இல்லை.

வயலின் கம்பியில் வியன்னாவிலிருந்து வரும் டாமினன்ட், ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ, சாக்ஸபோன் ரீடில் பிரான்சின் வாண்டோரன், இவையெல்லாம் யூரோ. டாடாரியோ அமெரிக்கா, அது டாலர். ஜப்பானில் பழைய சாக்ஸபோனோ டிரம்பெட்டோ நேராக வாங்கினால் யென். இந்த மூன்றும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதில்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

தம்பியின் ரீடு கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டி 30 யூரோ என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் ஒரு யூரோ 80 ரூபாய்க்குக் கீழே இருந்தது. அப்போது டாலரும் யூரோவும் ஏறக்குறைய ஒரே விலை. 2025 செப்டம்பரில் யூரோ 100ஐத் தாண்டிவிட்டது. டாலர் அந்த மூன்று வருடத்தில் 80லிருந்து 88 பக்கம்தான் போயிருந்தது. 2,400 ரூபாய்க்கு உள்ளே அடங்கிய அதே பெட்டி, வரி சேர்க்காமலே 3,000க்கு மேல். டாலர் ரேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. தம்பிக்கு நான் சொன்ன வழி எளிது. அமெரிக்க ரீடு ஒன்று வாங்கி ஒரு வாரம் வாசித்துப் பார், உதட்டுக்கு ஒத்துவந்தால் யூரோ உச்சத்தில் இருக்கும் காலத்துக்கு அதை வைத்துக்கொள். ஒத்துவராவிட்டால் காசைப் பார்க்காதே, பழையதற்கே போ. ரீடில் மிச்சம் பிடித்துக் கச்சேரியில் பிசிறடித்தால் அடுத்த அழைப்பு வராது.

நம் ஊர் வாத்தியங்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று சொல்லத்தான் ஆசை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கும், பலா மரத்துத் தவிலுக்கும் டாலர் நேராக எதுவும் செய்யாது. பம்பை விஷயம் வேறு. அது இரண்டு முரசு சேர்ந்த ஜோடி, ஒன்று மரம், இன்னொன்று வெண்கலம். வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. செம்பின் விலை லண்டன் உலோகச் சந்தையில் டாலரில் நிர்ணயமாகிறது. தெருக்கூத்துக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் பம்பை அடிக்கிற நம் மாவட்டத்துக்காரர் டாலரைப் பற்றிக் கேள்விப்படாமலே அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

7 ரூபாய் ஏறினால் 9 ரூபாய்

"டாலர் 7 ரூபாதானே ஏறியிருக்கு, கீபோர்டு மட்டும் ஏன் ரெண்டாயிரம் ஏறுது?" என்று கேட்பார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகம் அதில் இருக்கும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நேர்மையான கணக்கே அப்படித்தான் வரும். காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு கீபோர்டு தொழிற்சாலையில் 200 டாலர். கப்பல் வாடகை, இன்சூரன்ஸ் என்று அதன் பங்குக்கு 15 டாலர். மொத்தம் 215. சுங்கவரி இந்த மொத்தத்தின் மேல்தான், சரக்கின் விலை மேல் மட்டும் இல்லை. வரி 10 சதவீதம், அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூகநலக் கூடுதல் வரி, இவையெல்லாம் சேர்த்த தொகைக்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி, என்று வைத்துக் கணக்குப் போடுவோம். பட்ஜெட்டில் இவை மாறலாம், நீங்கள் வாங்கும் நாளில் சரிபாருங்கள்.

டாலர் 83 ஆக இருந்தால் சரக்கு 17,845 ரூபாய். சுங்கவரியும் கூடுதல் வரியும் சேர்ந்தால் 19,808. ஐஜிஎஸ்டியோடு 23,373.

டாலர் 90 ஆனால் சரக்கு 19,350. வரி சேர்ந்து 21,478. ஐஜிஎஸ்டியோடு 25,345.

வித்தியாசம் 1,972 ரூபாய். 215 டாலருக்கு 7 ரூபாய் வீதம் பார்த்தால் 1,505தான் ஏறியிருக்க வேண்டும். மீதி 467 ரூபாய் எங்கே? வரி சதவீதத்தில் இருப்பதால், ரூபாய் மதிப்பு வீங்கும்போது வரியும் கூடவே வீங்குகிறது. 7 ரூபாய் ஏற்றம் உங்கள் கைக்கு வரும்போது 9 ரூபாய் 17 காசு. இறக்குமதி செய்கிறவர் ஐஜிஎஸ்டியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கடைசியாக வாங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை, விற்பனை விலையின் மேல் 18 சதவீதம் அவர் தலையில்தான்.

இன்னொன்று. சுங்கத்துறை அன்றாடச் சந்தை ரேட்டைப் பார்ப்பதில்லை. தானே ஒரு விகிதத்தை மாதம் இரண்டு முறை வெளியிடுகிறது, அதில்தான் வரி போடும். உங்கள் பெட்டி இறங்கும் நாளில் டாலர் கொஞ்சம் இறங்கியிருந்தாலும், அடுத்த அறிவிப்பு வரும்வரை பழைய விகிதம்தான்.

இரண்டாவது, நாள்

இதை நான் என் கைக்காசில் கற்றுக்கொண்டேன்.

2013 மே நடுவில் ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். இசை வகுப்புக்கு ஆறு கீபோர்டு வேண்டும், விலை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். டாலர் அப்போது 55ஐ ஒட்டி. பெங்களூரில் எனக்குச் சரக்குக் கொடுப்பவர் ஒன்றுக்கு 15,500 சொன்னார். நான் 17,000 என்று எழுதி, என் லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அட்வான்ஸ் கேட்கவில்லை. எத்தனை நாளைக்கு இந்த விலை என்றும் எழுதவில்லை. பெரிய ஆர்டர், பள்ளிக்கூடம், நல்ல பெயர் கிடைக்கும் என்ற சந்தோஷம் மட்டும் இருந்தது.

ஜூன் போனது, ஜூலை போனது. கமிட்டி கூடவில்லை, தாளாளர் ஊரில் இல்லை என்று தள்ளிக்கொண்டே போனது. ஆகஸ்ட் கடைசி வாரம் ஆர்டர் வந்தது. அந்த ஆகஸ்ட் 28ம் தேதி டாலர் 68 ரூபாய் 80 காசு வரை போனது. நான் பெங்களூருக்கு போன் போட்டேன். "பழைய வெலைக்கு இப்ப யாரு சார் குடுப்பாங்க? பதினேழு எட்நூறு. அதுவும் இன்னிக்கு மட்டும்தான்." போனை வைத்துவிட்டு, பில் புக்கின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். ஒரு கீபோர்டுக்கு 800 நஷ்டம், ஆறுக்கு 4,800. வரவேண்டிய லாபம் 9,000 போனது தனி. வண்டி வாடகை தனி.

சொன்ன சொல்லுக்காக அதே விலைக்குக் கொடுத்தேன். பள்ளியின் மேல் தப்பில்லை, பெங்களூர்க்காரர் மேலும் தப்பில்லை. அவர் டாலர் ஏறிய அளவுக்குக்கூட ஏற்றவில்லை, குடோனில் இருந்த பழைய சரக்கையும் சேர்த்துச் சராசரி போட்டுத்தான் சொன்னார். விலை சொன்ன நாளுக்கும் பணம் கைமாறிய நாளுக்கும் நடுவில் மூன்றரை மாதத்தைத் திறந்து விட்டது நான்தான்.

அதற்குப் பிறகு என் கொட்டேஷன் எல்லாவற்றிலும் கீழே இந்த வரி இருக்கும்: "இந்த விலை 7 நாள் வரை. பாதித் தொகை அட்வான்ஸ் தந்த பிறகு விலை மாறாது." இரண்டாவது வாக்கியம் முக்கியம். அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே அதை மேலே அனுப்பிச் சரக்கை என் பேரில் எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன். பெரிய இறக்குமதியாளர்கள் வங்கியில் பார்வர்டு ஒப்பந்தம் போட்டு ரேட்டைப் பூட்டி வைக்கிறார்கள். ஆறு கீபோர்டு வாங்குகிற நமக்கு அட்வான்ஸ்தான் அந்தப் பூட்டு.

நீங்கள் வாங்குகிற பக்கம் என்றால் இதையே திருப்பிப் போடுங்கள். பள்ளிக்கோ சர்ச்சுக்கோ பஜனைக் குழுவுக்கோ வாங்குகிறீர்களா, கொட்டேஷனை வாங்கி மேசையில் போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் போகாதீர்கள். கமிட்டி முடிவு எடுத்த பிறகு கொட்டேஷன் வாங்குங்கள்.

அந்தக் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதே 2013 அக்டோபரில் டாலர் 62க்கு உள்ளே இறங்கிவிட்டது. கீபோர்டு விலை இறங்கவில்லை. ஏறும்போது அடுத்த கன்டெய்னரிலேயே ஏறும், இறங்கும்போது யாருக்கும் அவசரம் இருக்காது. அதனால் டாலர் திடீரென்று ஏறிய வாரத்தில் வாங்க வேண்டியவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: பழைய ஸ்டாக்கைத் தேடுங்கள். பெங்களூர்க் கடைகளில் சரக்கு சீக்கிரம் ஓடிவிடும், விலைப் பட்டியலும் சீக்கிரம் மாறும். தருமபுரி, சேலம், திருப்பத்தூர் பக்கத்துக் கடைகளில் பெட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அட்டைப்பெட்டியின் ஸ்டிக்கரைப் படியுங்கள். இறக்குமதியாளர் பெயர், எம்ஆர்பி, தயாரித்த அல்லது இறக்குமதியான மாதம், வருடம் எல்லாம் அதில் இருக்கும். அந்த மாதத்து டாலர் ரேட்டை போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள். "இது எட்டு மாசம் முன்னாடி வந்த சரக்குங்களே அண்ணா" என்று மரியாதையாகச் சொன்னாலே பாதிப் பேரம் முடிந்துவிடும். நானே அப்படிக் கேட்டவர்களுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறேன்.

டாலர் இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்டால், தொழிலுக்கு வாங்குகிறவர் காத்திருக்கக் கூடாது என்பேன். 31லிருந்து 90க்கு வர முப்பத்தொரு வருடம். சராசரி போட்டால் வருடத்துக்கு மூன்றரை சதவீதம் அளவுக்குத்தான். 25,000 ரூபாய் கீபோர்டில் அது 900 ரூபாய்கூட இல்லை. அந்த 900க்காகத் தை, மாசி முகூர்த்தங்களை வாத்தியம் இல்லாமல் விட்டால், இரண்டு ராத்திரி வருமானம் போனாலே காத்திருந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும். பொழுதுபோக்குக்கு வாங்குகிறவர் வேண்டுமானால் நிதானமாகப் பார்க்கலாம்.

யென் மலிந்த மாதம்

காரிமங்கலத்துத் தம்பியின் அண்ணன் முறைக்காரர் ஒருவரும் சாக்ஸபோன்தான். 2024 ஜூலையில் அவர் ஒரு வேலை செய்தார். அந்த மாதம் டாலருக்கு 161 யென் வரை போனது, 1986க்குப் பிறகு அவ்வளவு மலிவு இல்லை. அமெரிக்கா வட்டியை ஏற்றிவிட்டது, ஜப்பான் வட்டியைப் பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தது, பணம் யென்னை விட்டு ஓடியது. ரூபாயும் டாலரிடம் தோற்றுக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யென் இன்னும் வேகமாகத் தோற்றது. 2020 நடுவில் 100 யென்னுக்கு 70 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் 52 ரூபாய் போதும்.

அவர் எடுத்தது ஜப்பானில் செய்த பழைய ஆல்ட்டோ சாக்ஸபோன், 1,50,000 யென். 2020ல் என்றால் 1,05,000 ரூபாய். அவருக்கு ஆனது 78,000. அனுப்பும் செலவும் வரியும் சேர்ந்தும், அதே தரத்தில் புதிதாக இங்கே வாங்குவதைவிட நிறையக் குறைவு. பெட்டியைப் பிரித்தபோது நானும் இருந்தேன். பஞ்சு மெத்தைக்குள் அது கிடந்த விதம், சாவிகளில் எண்ணெய் காயாமல் இருந்தது, கழுத்துக் கார்க்கில் ஒரு கீறல் இல்லை. ஜப்பானியர் வாத்தியத்தை வைத்துக்கொள்ளும் பக்குவம் அதில் தெரிந்தது. துளைகளை மூடும் பேடு இரண்டை மட்டும் மாற்றினேன்.

இதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் ஜப்பானிலிருந்து கீபோர்டு எடுக்கக் கிளம்பினார். தடுத்துவிட்டேன். அங்கே மின்சாரம் 100 வோல்ட். அந்த ஊருக்கென்று செய்த கீபோர்டை நம் 230 வோல்ட்டில் அப்படியே சொருகினால் பவர் சப்ளை அங்கேயே முடிந்துவிடும். அமெரிக்காவும் 120 வோல்ட்தான். அடாப்டரில் ஓடுவதென்றால் அடாப்டரை மாற்றிக்கொள்ளலாம், உள்ளேயே பவர் சப்ளை இருப்பதென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், அதை ஒவ்வொரு கச்சேரிக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். யென் மலிவாக இருக்கும்போது ஊதுகிற வாத்தியத்தை வாங்குங்கள், சொருகுகிற வாத்தியத்தை விடுங்கள்.

யென் ரேட் பார்க்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நம் நாட்டில் எஃப்பிஐஎல் என்ற அமைப்பு வேலை நாட்களில் மதியம் வெளியிடும் ரேட்டில் டாலர், யூரோ, பவுண்டு எல்லாம் ஒன்றுக்கு இவ்வளவு என்று இருக்கும். யென்னோ 100க்கு இவ்வளவு என்று இருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு பூச்சியம் இரண்டு பூச்சியம் தப்பாகப் போட்டுத் துள்ளிக் குதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கூகுளில் தெரியும் ரேட் உங்களுக்குக் கிடைக்காது. கார்டில் வெளிநாட்டுப் பணம் கட்டினால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்று ஒரு கூடுதல் கட்டணம் போடும், அந்த மார்க்கப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். 78,000க்கு 3,200 ரூபாய்க்கு மேல். மார்க்கப் குறைவான கார்டு வீட்டில், நட்பில் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டும் பக்கத்தில் "ரூபாயில் கட்டுகிறீர்களா, யென்னில் கட்டுகிறீர்களா" என்று கேட்டால் யென்னையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் விற்கிறவர் பக்கத்து ஆள் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடுவார், அது பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

துபாயில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திர்ஹாமை டாலரோடு கட்டிவைத்திருக்கிறார்கள், ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். சவுதி ரியால் 3.75. அதனால் டாலர் ஏறினால் திர்ஹாமும் அதே அளவு ஏறும், அங்கே வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். டாலர் 90 என்றால் திர்ஹாம் 24 ரூபாய் 50 காசு. அதோடு அங்கே 5 சதவீதம் வாட். ஆனால் சம்பளமே திர்ஹாமில் வாங்குகிற மாமாவோ மச்சானோ அன்பளிப்பாக வாங்கி வருகிறார் என்றால் அவர் பக்கத்தில் எதுவும் ஏறவில்லை. பயணச் சாமான்களுக்கான வரிவிலக்கு வரம்பை அவர் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், பில்லையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டால் விமான நிலையத்தில் அவர்கள் போடும் மதிப்புத்தான் மதிப்பு.

பழையதை விற்கும்போது

எங்கள் கடைக்கு விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் பழைய பில்லோடு வருவார்கள். "2019ல 30,000க்கு வாங்கினேன் அண்ணா, ஒரு பன்னெண்டு குடுங்க." எனக்கு மனசு கேட்காது. இன்றைக்கு அதே மாடலோ அதற்கு அடுத்து வந்ததோ 40,000 விற்றால், அந்தப் பழைய பில்லுக்கு வேலையே இல்லை. பழைய பொருளின் விலை புதுப்பொருளின் இன்றைய விலையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். நான் கையாளும் கணக்கு இது: நல்ல நிலையில், எல்லாக் கட்டையும் வேலை செய்கிற கீபோர்டு என்றால் புதியதன் இன்றைய விலையில் பாதி. சாக்ஸபோன், டிரம்பெட் நல்ல கம்பெனி என்றால் 60, 65 சதவீதம், ஏனென்றால் பித்தளைக்கு வயது ஏறினாலும் மாடல் பழசாவதில்லை. 12,000 கேட்டவருக்கு 18,000 சொல்லி, அவர் நம்பாமல் என்னையே பார்த்தது நினைவிருக்கிறது.

ஆகவே விற்கும் முன் புதிய விலையை இரண்டு இடத்தில் விசாரியுங்கள். டாலர் ஏறி இரண்டு மூன்று மாதம் கழித்து விற்பது நல்லது, அதற்குள் புதிய விலைப் பட்டியல் எல்லோருக்கும் எட்டியிருக்கும். ஆடியில் விற்காதீர்கள். முகூர்த்தம் இல்லாமல் கல்யாணக் குழுக்கள் சும்மா இருக்கும், கையில் காசில்லாதவர்கள் கீபோர்டைக் கொண்டுவந்து போடுவார்கள், விலை அடிபடும். வாங்குகிறவருக்கு அதுவே நல்ல மாதம். பம்பைக்கு மட்டும் நேர்மாறு, ஆடியில்தான் மாரியம்மன் கோயில் எல்லாம் கூழ் ஊற்றுவார்கள், பம்பைக்காரருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

கடல் தாண்டி அனுப்பும்போது

மலேசியாவில் உறுமி மேளக் குழுக்கள் நிறைய. அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பம்பை, உறுமி கேட்டு அவ்வப்போது ஆள் வரும். இந்த வியாபாரத்தில் டாலர் ஏற்றம் நமக்குச் சாதகம், மாங்கூழ் பேக்டரிக்காரர் நிற்கும் தட்டில் நாமும் நிற்கிறோம். ஆனாலும் நான் விலையை ரூபாயில்தான் சொல்கிறேன். மரத்துக்கும் தோலுக்கும் செய்கிற கைக்கும் நான் கொடுப்பது ரூபாய். ரிங்கிட் ஏறினால் அந்த லாபம் வாங்குகிறவருக்குப் போகட்டும், இறங்கினால் என் கை வெந்துவிடக் கூடாது. அவர் டாலரில்தான் அனுப்புவேன் என்றால், பணம் என் கணக்கில் ரூபாயாக எவ்வளவு விழ வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்வேன். நடுவில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், நம் வங்கியும் சந்தை ரேட்டைவிடக் குறைத்துத்தான் மாற்றும். பரிமாற்றக் கட்டணம் எல்லாம் அனுப்புகிறவருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அனுப்பும் செலவில்தான் பலர் மாட்டுகிறார்கள். கூரியர்காரர்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். ஒரு பம்பைப் பெட்டி 70க்கு 40க்கு 40. வகுத்தால் 22.4 கிலோ. தராசில் வைத்தால் 9 கிலோ. கட்டணம் 22.4க்குத்தான். பெட்டியைக் கட்டி அளந்த பிறகே மொத்த விலை சொல்லுங்கள். வியாபாரமாக அனுப்புவதென்றால் ஏற்றுமதிக்கான ஐஇசி எண் எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா மூலம் ஏற்றுமதிக் காகிதங்களை ஆன்லைனிலேயே முடிக்கலாம், சின்ன ஆட்களுக்கு அது பெரிய உதவி.

பழைய வீணை அனுப்பக் கேட்டால் ஜாக்கிரதை. தந்தமோ மான்கொம்போ பதித்த வேலைப்பாடு இருந்தால் எந்த விலை சொன்னாலும் தொடாதீர்கள், வனவிலங்குச் சட்டம் அதை விடாது.

பணம் வந்து விழுந்த அன்றே ரூபாயாக மாற்றிவிடுகிறேன். இன்னும் ரெண்டு ரூபாய் ஏறட்டும் என்று வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. ஆனால் பம்பைக்குத் தோல் கட்டிய பெரியவருக்குப் பாதிக் கூலி பாக்கி இருக்கும், அவர் சாயங்காலம் வந்து நிற்பார்.